சின்னக் கடை வீதி டை சாமான் கடை: அட்டையில் ‘பேட்டன்ட்’ எழுத்தை விடுங்கள், சீப்பின் பல்லைப் பாருங்கள்

சேலத்தில் தலைக்கு டை போடுகிற சாமான் எல்லாம் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறைய. அம்மாப்பேட்டையில் வீட்டின் முன்னறையிலேயே சின்னதாக பார்லர் வைத்திருக்கிறேன், அதனால் கேட்கிறார்கள். நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே இடம்தான். ராஜகணபதி கோவிலிலிருந்து சின்னக் கடை வீதிக்குள் நுழைந்து, பூக்கடைகள் முடிகிற பக்கத்தில் ஒரு சந்து திரும்பும், அங்கே. வாசலில் பிளாஸ்டிக் குடம், துடைப்பம், மாப்பு, துணி உலர்த்துகிற கிளிப் எல்லாம் தொங்குவதைப் பார்த்தால் சாதாரண வீட்டுச் சாமான் கடை என்றுதான் தோன்றும். உள்ளே போனால் வலது பக்கம் டப்பா, ஹேங்கர், காய் வெட்டுகிற சாமான், இடது பக்கச் சுவர் முழுக்க பார்லர் சாமான். பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துப்போய்விட்டது, ‘டை சாமான் கடை’ என்று பூக்காரம்மாக்களிடம் கேளுங்கள், கை காட்டுவார்கள்.

முதலில் அங்கே வாங்க வேண்டிய ஒரு பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தனியாக வீட்டில் டை போடுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான சாமான் எனக்குத் தெரிந்து இல்லை. சீப்பு பாட்டில். கைக்குள் அடங்குகிற மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில், மூடி இருக்க வேண்டிய இடத்தில் சீப்பு, அந்தச் சீப்பின் ஒவ்வொரு பல்லும் உள்ளே குழலாக இருக்கும். பாட்டிலை லேசாக அமுக்கிக்கொண்டே வாரினால் டை நேராக முடியின் வேரில் இறங்கும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, அதனால் நாலைந்து வாரத்தில் வகிடு ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்துவிடும், அந்த ஒரு சென்டிமீட்டருக்கு மட்டும் டை போட்டால் போதும். ஆனால் கிண்ணமும் பிரஷும் வைத்துக்கொண்டு தனக்குத்தானே போடும்போது என்ன ஆகிறது? முன் பக்கம் சரியாக வந்துவிடும், பின் மண்டைக்கும் பிடரிக்கும் கை வளைத்துப் போனால் எங்கே பூசுகிறோம் என்றே தெரியாது, கடைசியில் பயந்துபோய் முடி முழுக்க இழுத்துப் பூசிவிடுவோம். மாதா மாதம் அப்படிப் பூசினால் நுனி முடி மேலும் மேலும் கறுத்து, காய்ந்து, நார் மாதிரி ஆகிவிடும். சீப்பு பாட்டில் அந்த வேலையை எளிதாக்குகிறது, ஒரு கை போதும், கண்ணாடி கூட வேண்டாம், பல் மண்டையைத் தொடுகிற இடத்தில்தான் டை இறங்குகிறது என்று விரலுக்கே தெரியும்.

ஆனால் எல்லா சீப்பு பாட்டிலும் ஒன்றல்ல. சிலவற்றில் ஓட்டை பல்லின் நுனியிலேயே இருக்கும், அது மண்டையில் அழுந்தும்போது ஓட்டை அடைபட்டு டை வராது, எடுத்தவுடன் பொளக்கென்று கொட்டும். சிலவற்றில் ஓட்டை நுனிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் இருக்கும், அதுதான் நல்லது. இந்தக் கடையில் எனக்குப் பிடித்த விஷயமே, கடைக்காரத் தம்பி ஒரு மக்கில் தண்ணீர் வைத்திருப்பார், பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து நம் கையிலேயே வாரிப் பார்க்கச் சொல்வார். “அக்கா, அட்டைல என்ன எழுதியிருக்குன்னு பாக்காதீங்க, பல்லப் பாருங்க” என்பார். மூன்று விதமான அட்டையில் வருகிறது, ஒன்றில் தங்க எழுத்தில் ‘பேட்டன்டட்’ என்று போட்டு 240 ரூபாய், இன்னொன்று எதுவுமே எழுதாத பாலித்தீன் கவரில் 70 ரூபாய். நான் இரண்டையும் வாங்கி உபயோகித்தேன். 70 ரூபாய் பாட்டிலில் ஓட்டை பக்கவாட்டில், 240 ரூபாய் பாட்டிலில் நுனியில். அவ்வளவுதான் விஷயம்.

தண்ணீராக இருக்கிற டைக்கும், ஷாம்பு மாதிரி இருக்கிற டைக்கும் இது அருமை. பௌடர் டையைக் கரைத்து ஊற்றுவதானால் கட்டி இல்லாமல் மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நாலு பல் அடைத்துக்கொள்ளும். கெட்டியான கிரீமுக்கு இது சரிப்படாது, அதற்கு பிரஷ்தான். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: டெவலப்பர், அதாவது நிறம் பிடிக்க டையோடு கலக்கிற பெராக்சைடு திரவம், கலந்த டை மிச்சம் இருந்தால் பாட்டிலை மூடி வைத்து அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்கவே கூடாது. கலந்த பிறகு உள்ளே ஆக்சிஜன் விட்டுக்கொண்டே இருக்கும், மூடிய பாட்டில் உப்பி வெடித்துவிடலாம், அது போக அந்த டைக்கு நிறம் கொடுக்கிற சக்தியும் போய்விட்டிருக்கும். கொட்டிவிட்டு உடனே கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

அந்த ‘பேட்டன்டட்’ எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதைப் பார்த்தவுடன் அரசாங்கமே சோதித்து முத்திரை குத்திக் கொடுத்த தரமான பொருள் என்று நினைத்துக் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள். பேட்டன்ட், அதாவது காப்புரிமை, என்பது தரச் சான்றிதழ் இல்லை. ‘இதற்கு முன் யாரும் இப்படிச் செய்ததில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு என் அனுமதி இல்லாமல் யாரும் இதைச் செய்து விற்கக் கூடாது’ என்கிற உரிமை, அவ்வளவுதான். நம் நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், அதுவும் வருடா வருடம் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால். ஒரு நாட்டில் வாங்கிய பேட்டன்ட் அந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும், அமெரிக்க எண் போட்ட டப்பாவுக்கு இங்கே இந்தியக் காப்புரிமை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பக்கத்தில் சின்னதாக வட்டத்துக்குள் ஆர் எழுத்து இருந்தால் அது பெயருக்கான டிரேட்மார்க், சாமானுக்கானது அல்ல. இல்லாத பேட்டன்டை இருக்கிறதாக அட்டையில் போடுவது சட்டப்படி தவறு, காப்புரிமைச் சட்டத்தின் 120-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது, இப்போது பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று பொய்யாகப் போட்டாலும் அதே பிரிவுதான்.

சரி, நாமாக எப்படிப் பார்ப்பது? அட்டையில் எண் இருந்தால் கூகுள் பேட்டன்ட்ஸில் அப்படியே அடித்துப் பாருங்கள், காசு கிடையாது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். என்ன கண்டுபிடிப்பு, எந்த வருடம், காலாவதியா இல்லையா, படத்தோடு எல்லாம் வரும். ஒரு டை கிண்ண செட்டின் அட்டையில் போட்டிருந்த எண்ணை நான் தேடியபோது, அது கிண்ணத்தின் வெளி வடிவத்துக்கு மட்டும் எடுத்த டிசைன் பதிவு. அதில் கலக்கும் விதத்திலோ பிடிக்கும் விதத்திலோ புதிதாக ஒன்றும் இல்லை. எண்ணே இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் இருந்தால் அதற்காக ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. பேட்டன்ட் காலாவதியானால் அந்தச் சாமான் எல்லோருக்கும் சொந்தம். இந்தக் கடையின் வலது பக்க அலமாரியில் பாதிக்கு மேல் அப்படி விடுதலையான பொருள்கள்தான். மூடி ஓரத்தை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுகிற பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதே, அந்த மூடிக்கு அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் 1949-இல் பேட்டன்ட் வாங்கினார். அப்போது அங்கே வழங்கிய நாளிலிருந்து 17 வருடம்தான் உரிமை, அதனால் 1966-லேயே முடிந்துவிட்டது. இன்றைக்கு எந்தக் கம்பெனி டப்பாவானாலும் மூடி இறுகுகிறதா, பிளாஸ்டிக் நல்லதா என்று மட்டும் பார்த்தால் போதும். இடது பக்கம் பார்லர் சாமானில் வெல்க்ரோ ரோலர் இருக்கும், கிளிப் இல்லாமலே முடியில் ஒட்டிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் த மெஸ்ட்ரால் என்கிற இன்ஜினியர் வேட்டைக்குப் போய்வந்தபோது நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முள் விதையை, நம் ஊரில் புடவையில் நாயுருவி ஒட்டுகிற மாதிரிதான், மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து அதிலிருந்து செய்தது. அந்த பேட்டன்ட் 1978-இல் முடிந்தது. அதனால்தான் ஆறு ரோலர் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

தலைமுடிச் சாமானையும் வீட்டுச் சாமானையும் ஒரே கடையில் ஏன் விற்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். இந்த இரண்டும் எப்போதுமே ஒன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. இன்றைக்கு நாம் போடுகிற டையின் அடிப்படையான பாரா-ஃபினைலின்டையமின், சுருக்கமாக பிபிடி, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்து முடிக்குச் சாயமிட பிரான்சில் 1883-லேயே பேட்டன்ட் வாங்கியிருக்கிறார்கள். 1907-இல் பாரிஸில் யூஜின் ஷூலர் என்கிற வேதியியல் இளைஞர் வீட்டிலேயே ராத்திரியில் டை கலக்கி, பகலில் முடி திருத்துகிறவர்களிடம் கொண்டுபோய் விற்றார், 1909-இல் அவர் ஆரம்பித்த கம்பெனிதான் பின்னாளில் லோரியல். 1928-இல் சிகாகோவில் மார்ஜரி ஜாய்னர் என்கிற கறுப்பினப் பெண், பார்லர் வைத்திருந்தவர், முடியைச் சுருட்டி நிலைக்க வைக்கிற மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினார். இறைச்சி வேகும்போது உள்ளே சூடு பரவச் செருகுகிற கம்பிகளைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது, அடுப்படியிலிருந்து நேராகப் பார்லருக்கு வந்த கண்டுபிடிப்பு. ஆனால் உரிமை அவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் போய்விட்டது, காசாக அவருக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவள் என்கிற முறையில் இதைப் படித்தபோது எனக்கு மனசு தாங்கவில்லை.

ஜாய்னருக்கும் முப்பது வருடம் முன்னால், 1898-இல், நியூயார்க்கில் லிடா நியூமன் என்பவர் பிரித்துக் கழுவக்கூடிய ஹேர் பிரஷுக்கு பேட்டன்ட் வாங்கினார். முள் இருக்கிற பாகம் தனியாகக் கழன்று வரும், அழுக்கும் உதிர்ந்த முடியும் சேர உள்ளே இடைவெளி இருக்கும், காற்று போகும். இந்தக் கடையில் அந்த மாதிரி கழற்றிக் கழுவுகிற பிரஷ் கேட்டு வாங்குங்கள், 150 ரூபாய் பக்கம் வரும். பார்லர் வைத்திருப்பவர்கள் இதைத் தவிர வேறு வாங்கவே கூடாது என்பது என் கருத்து. ரப்பர் மெத்தை வைத்து ஒட்டிய பிரஷில் மெத்தைக்கு அடியில் தண்ணீர் நின்று நாற்றம் வரும், எத்தனை கழுவினாலும் போகாது.

அமெரிக்காவில் மேரியன் டொனோவன் என்று ஒருவர். அவருடைய அப்பாவும் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒருவரும் லேத் மெஷின் செய்கிற தொழிற்சாலை நடத்தியவர்கள், அந்தப் பட்டறையிலேயே வளர்ந்த பெண். 1946-இல் குளியலறைத் திரையை வெட்டித் தைத்துக் குழந்தையின் துணி நனையாத மேலுறை செய்தார், ஊக்குக் குத்தாமல் இருக்கப் பிளாஸ்டிக் பட்டன் வைத்தார். தயாரிப்பாளர்கள் யாரும் வாங்க முன்வரவில்லை, தானே 1949-இல் கடையில் வைத்து விற்றார், 1951-இல் பேட்டன்ட் கிடைத்து அதைப் பத்து லட்சம் டாலருக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். வாழ்நாளில் 20 பேட்டன்ட், எல்லாம் வீட்டில் தினம் கை படுகிற சாமான்களுக்கு. அவற்றோடு அவர் செய்த ஒன்று, உடையின் முதுகுப் பக்க ஜிப்பைத் தானே இழுத்து மூட உதவுகிற எலாஸ்டிக் கயிறு. அதைப் படித்ததும் எனக்கு சீப்பு பாட்டில்தான் ஞாபகம் வந்தது. முதுகுக்கும் பின் மண்டைக்கும் கை எட்டாத, பக்கத்தில் ஆள் இல்லாத பெண்ணின் சிரமத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் இது தோன்றும். நம் மிக்சியும் அப்படித்தானே? மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்கிற இன்ஜினியர், மனைவி உபயோகித்த ஜெர்மன் மிக்சியின் மோட்டார் நம் மசாலாவை அரைத்துக் கருகிப்போனதால்தான் 1963-இல் சுமீத் மிக்சியைக் கொண்டுவந்தார்.

அந்த வரிசையில் நான் வைக்கிற ஒரு சாமான் இந்தக் கடையில் இருக்கிறது, வேறெங்கும் கிடைக்காது. கிச்சிப்பாளையத்தில் தையல் வேலை பார்க்கிற ஒரு அக்கா தைத்துக் கொடுக்கிற டை அங்கி. வழக்கமாக விற்கிற பிளாஸ்டிக் அங்கி கழுத்தில் கட்டியதும் கசகசவென்று வேர்க்கும், டை ஒழுகிப் பிடரி வழியாக ஜாக்கெட்டுக்குள் போய்விடும். இந்த அக்கா கறுப்புத் துணியில் உள்ளே மெல்லிய ரெக்சின் வைத்து, கழுத்துப் பட்டையை வெளிப்பக்கம் ஒரு வாய்க்கால் மாதிரி மடித்துத் தைத்திருக்கிறார், ஒழுகுகிற டை அந்த மடிப்பில் தங்கிவிடும். முன்னால் கை விட இரண்டு ஓட்டை, அதனால் தனக்குத்தானே டை போடுகிறவர்களுக்கும் கை மாட்டிக்கொள்ளாது. பின்னால் முடிச்சு இல்லை, தோள் பக்கமாக ஒட்டுகிற பட்டை. 180 ரூபாய். என் பார்லரில் இப்போது இதைத்தான் உபயோகிக்கிறேன், துவைத்துத் துவைத்தும் மடிப்பு தளரவில்லை.

அவரிடம் பேட்டன்ட் எடுக்கச் சொல்லலாமே என்று நான் விசாரித்துப் பார்த்தேன். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், அப்புறம் பரிசீலிக்கச் சொல்லித் தனியாக 4,000 ரூபாய் கட்ட வேண்டும், தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில். முழு விவரம் தயாராக இல்லாவிட்டால் முதலில் தற்காலிக விவரத்தை மட்டும் கொடுத்து, 12 மாதத்துக்குள் முழுசாகக் கொடுக்கலாம். இவ்வளவும் ஒரு தையல்கார அக்காவால் முடிகிற காரியம்தான். ஆனால் சட்டத்தில் ஒரு கண்டிப்பு உண்டு, விண்ணப்பிப்பதற்கு முன்பே கடையில் வைத்து விற்றுவிட்டால் அது புதியது என்கிற தகுதியை இழந்துவிடும். அந்த மடித்த கழுத்துப் பட்டை ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டது. இப்போது அவர் மனசில் வேறொன்று வைத்திருக்கிறார், என்னவென்று இங்கே எழுத மாட்டேன், விண்ணப்பம் கொடுக்கிற வரை கடையிலும் காட்டாதீர்கள், வாட்ஸப்பிலும் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். சேலத்தில் லேத் பட்டறையிலும் கொலுசுப் பட்டறையிலும் தறிக்குழியிலும் இப்படி எத்தனையோ பேர் கையில் எத்தனையோ யோசனை இருக்கிறது. விற்க ஆரம்பிக்கும் முன் விண்ணப்பம், இந்த ஒரு விஷயத்தை உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரர்களிடம் சொல்லுங்கள்.

கிண்ணம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம்தான். ஸ்டீல் ஊர் என்பதால் நம் வீடுகளில் எவர்சில்வர் கிண்ணத்தில்தான் டை கலக்குவார்கள், கொஞ்ச நேரத்துக்கு அதில் பெரிய சேதம் இல்லை என்றாலும் இரும்பு, செம்பு, பித்தளை பட்டால் பெராக்சைடு சீக்கிரம் வீணாகிவிடும். மருதாணியை இரும்புச் சட்டியில் டீ டிகாஷனோடு ஊறவைத்துப் போடுகிறவர்கள், அதன்மேல் உடனே பெராக்சைடு டை போடாதீர்கள். முடியில் தங்கியிருக்கிற உலோகத்தோடு அது சேர்ந்து சூடேறி முடி பாழாகும். பார்லருக்குப் போனால் என்ன போட்டிருந்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருதாணியும் அவுரியும் இந்தக் கடையில் தனித்தனிப் பொட்டலமாக விற்கிறார்கள், அப்படித்தான் வாங்க வேண்டும். முதலில் மருதாணி போட்டு அலசி, அப்புறம் அவுரி போட்டால் கறுப்பு வரும். இரண்டையும் கலந்த பொட்டலத்துக்கு ‘பேட்டன்ட் பெற்ற மூலிகை டை’ என்று போட்டு ஐந்து மடங்கு விலை வைத்து விற்பதை வேறு இடங்களில் பார்க்கிறேன். பாரம்பரிய அறிவை அப்படியே எடுத்துக் கலந்ததற்கெல்லாம் நம் நாட்டில் காப்புரிமை கிடையாது, சட்டத்தின் 3-வது பிரிவிலேயே தெளிவாக இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கறுக்கும் என்கிற கோன் மருதாணியை இந்தக் கடையில் விற்பதே இல்லை, அதற்காகவே நான் இவர்களை மதிக்கிறேன். மருதாணி ஒருபோதும் ஐந்து நிமிடத்தில் கறுக்காது, கறுத்தால் அதில் பெரும்பாலும் பிபிடி இருக்கும். தோலில் நேராகப் படுகிற பிபிடி கொப்புளம் போடும், அது போக அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க டை ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

கல்லாவில் உட்காருகிற அம்மா, தம்பியின் தாயார், டை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: “காது பின்னாடி போட்டுப் பாத்தியாம்மா?” அவசரத்தில் இருப்பவர்களுக்கு எரிச்சல் வரும், ஆனால் அவர் கேட்பதுதான் சரி. கொஞ்சம் கலந்து காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ வைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும், வருடக்கணக்காக ஒரே டை போடுகிறவர்களுக்கும் திடீரென்று ஒவ்வாமை வரும். அட்டையில் பிபிடி எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, புருவத்துக்கும் இமைக்கும் போட்டால் பார்வை போகலாம் என்றும் அதில் எழுதியிருக்கும், படியுங்கள்.

டெவலப்பர் பாட்டிலை இவர்கள் வெயில் படுகிற முன்பக்கத்தில் வைப்பதில்லை, உள் அறையில் வைத்து எடுத்துத் தருகிறார்கள். சித்திரை வெயிலில் சேலத்துக் கடைகளில் பெராக்சைடு என்ன பாடு படும் என்று சொல்லத் தேவையில்லை, பாட்டில் உப்பியிருந்தால் எந்தக் கடையிலும் வாங்காதீர்கள். நரை மறைக்க 20 வால்யூம் டெவலப்பர் போதும், அதாவது அதில் பெராக்சைடு 6 சதவீதம், 30-ம் 40-ம் வீட்டில் வேண்டவே வேண்டாம். ஏற்காட்டிலிருந்து வருகிற ஒரு டீச்சரம்மா, நாகலூர் பக்கம் தனியாக இருக்கிறார், மார்கழியில் டை பிடிக்கவில்லை என்று சொன்னபோது தம்பி வீரியம் கூடின பாட்டிலை எடுத்து நீட்டவில்லை. குளிரில் டை மெதுவாகத்தான் வேலை செய்யும், பாட்டிலைக் கொஞ்ச நேரம் அறைச் சூட்டில் வைத்துவிட்டுக் கலக்குங்கள், போட்டதும் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொள்ளுங்கள், நேரம் மட்டும் அட்டையில் போட்டதைத் தாண்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன யோசனை அது.

குறைகளும் இருக்கின்றன. டப்பாவோடு இலவசமாகத் தருகிற கையுறை ஒன்றுக்கும் ஆகாது, விரல் இடுக்கில் கிழிந்துவிடும், தனியாக நைட்ரில் கையுறை கேட்டு வாங்குங்கள். ஓட்டை போட்ட ஹைலைட் தொப்பி மெல்லியதாக இருக்கிறது, கொக்கியால் முடியை இழுக்கும்போது ஓட்டை பெரிதாகி டை உள்ளே இறங்கிப் புள்ளி புள்ளியாக வந்துவிடுகிறது. ஹைலைட்டுக்கு ஃபாயிலும் வால் சீப்பும்தான் நம்பிக்கை. ஷேட் கார்டு பழையது, நிறங்கள் மங்கியிருக்கின்றன, அதைப் பார்த்து பழுப்பு வகைகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சின்னச் சாமானுக்கு கேட்டால்தான் பில் போடுகிறார்கள், கேளுங்கள். பிரித்த டை டியூபைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், அது நியாயம்தான். வலது பக்கச் சாமானில் நூல் இழுத்துக் காய் நறுக்குகிற டப்பாவை வாங்க வேண்டாம், வெங்காயத்துக்குச் சரி, கேரட்டுக்கு நூல் அறுகிறது. குளியலறை ஓட்டையில் முடி போகாமல் தடுக்கிற ரப்பர் வலை 30 ரூபாய், அதைக் கண்டிப்பாக வாங்குங்கள்.

இடது கைக்காரர்களுக்குத் தகுந்த வால் சீப்பு கிளிப் செட் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன், தீபாவளிக்குள் வரவழைப்பதாகத் தம்பி சொன்னார். காலை பத்தரைக்குத் திறக்கிறார்கள், மதியம் சாப்பாட்டுக்கு மூடுவது இல்லை, ஆனால் அம்மா இருக்கிற காலை நேரத்தில் போனால் பொறுமையாகக் காட்டுவார்கள். சந்துக்குள் ஸ்கூட்டியே நுழையாது, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கிற நாட்களில் மட்டும் போக வேண்டாம், கடை வீதியில் கால் வைக்க இடம் இருக்காது, தண்ணீர் ஊற்றி சீப்பைச் சோதிக்கவெல்லாம் அப்போது அவர்களுக்கும் நேரம் இருக்காது.